எல்லைக் கோடும் கிராம சபையும்



போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் பேருந்து போடிமெட்டின் வளைவுகளை ஏறிக் கடந்து பூப்பாறையை அடையும்பொழுது, பயணிகளின் பேச்சில் யாதொரு மாற்றமும் தென்படுவதில்லை. மாநிலம் மாறிவிட்டது, மொழி மாறவில்லை. தேநீர்க் கடையில் தமிழ், ஏலக்காய்க் களத்தில் தமிழ், சந்தையில் தமிழ். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியே சித்தூர் தாலுகாவினுள் நுழைவோரும் இதையே காண்பர். மாறுவன அரசாங்க அலுவலகத்தின் பெயர்ப் பலகையும், அதனுள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் காகிதங்களுமே.

அக்காகிதங்களைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைப்புறக் கிராமங்களில் சென்ற பதினைந்து ஆண்டுகளாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்து வருகிறது. நம் நிலத்தில் இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என்று யாரோ எங்கோ கோடு கிழிக்கிறார்கள்; அக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை நமக்கு முன்கூட்டியே காட்டலாகாதா? கேள்வி எளியது. விடைதான் எளிதில் கிட்டுவதாக இல்லை. டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவருள் பலருக்கு அந்த மலைச் சரிவுகளில் பாட்டனார் வீடோ, உறவினர் தோட்டமோ இன்னும் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் தொலைபேசிச் செய்தி அச்சத்தை மட்டுமே கொண்டு வருகிறதேயன்றி விவரத்தைக் கொண்டு வருவதில்லை. விவரம் யாதென ஒருவாறு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

முதலில் சிறிது வரலாறு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழர் கோரிய தாலுகாக்களுள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அவை அன்று கோட்டயம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1972 ஜனவரியில் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தன. சித்தூர் தாலுகாவின் தமிழரும் அவ்வாறே கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினராயினர். பழைய வழக்கை மீண்டும் எடுத்து வாதாட நாம் முற்படவில்லை. அரசாங்கத்தின் ஏடுகள் ஒரு மொழியிலும் குடிகளின் வாழ்வு வேறொரு மொழியிலும் நடக்கும் நிலை எவ்வாறு வந்தது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

இனி, கோட்டைப் பற்றிக் கூறுவோம். உண்மையில் கோடு ஒன்றன்று, இரண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பாதித் துன்பத்துக்குக் காரணம்.

ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்குமான சூழல் காப்புப் பகுதி. குஜராத் முதல் தமிழ்நாடு வரை ஆறு மாநிலங்களில் இன்ன கிராமங்கள் இதில் அடங்கும் எனப் பட்டியலிடுவது. மற்றொன்று, ஒவ்வொரு தேசியப் பூங்காவையும் வனவிலங்குச் சரணாலயத்தையும் சுற்றி ஒரு வளையமாக அமையும் காப்பு மண்டலம். ஊரார் 'பஃபர் ஸோன்' என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டின் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். மலையாளத்தில் 'பரிஸ்திதி லோலம்' என்னும் சொல் வழங்குகிறது; மென்மையானது, எளிதிற் சிதைவது என்று அங்கே பொருள். தமிழிலோ லோலன் என்றால் எவனைக் குறிக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை! ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக மத்திய அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கும் நமக்கு, இத்தகைய சொற்கள் செய்யும் விஷமம் நன்கு தெரியும். 'கட்டுப்படுத்தப்பட்ட செயல்' என்பதும் 'தடைசெய்யப்பட்ட செயல்' என்பதும் சட்டத்தில் வெவ்வேறு; முன்னது அனுமதி பெற்றுச் செய்யத் தக்கது, பின்னது செய்யவே கூடாதது. அவசரத்தில் எழுதப்படும் செய்தித் துணுக்கில் இரண்டும் 'தடை' என்றே ஆகிவிடுகின்றன. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் இரவெல்லாம் உறங்காதிருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய, மாதவ் காட்கில் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை மத்திய அரசாங்கம் 2010-இல் நியமித்தது. அக்குழு தன் அறிக்கையை 2011 ஆகஸ்டு 31-ஆம் தேதி அளித்தது. மலையை மூன்று தரங்களாக வகுத்து, எந்தத் தரத்தில் எது ஆகும், எது ஆகாது என விரிவாகக் கூறிய அறிக்கை அது. அத்துடன் நில்லாமல், இம்முடிவுகளைக் கிராம சபைகளின் முன் வைத்து விவாதித்தே உறுதி செய்ய வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. ஆனால் நடந்தது யாது? அறிக்கை அமைச்சகத்தின் அலமாரியிலேயே தங்கிவிட்டது. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி அதன் நகலைக் கேட்டார், மறுக்கப்பட்டது. மத்திய தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் அதை வெளியிடுமாறு உத்தரவிட்டது. அமைச்சகம் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அங்கும் தோற்ற பின்னரே, 2012 மே மாதத்தில் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மக்களைக் கலந்து முடிவு செய்யுங்கள் என்று கூறிய அறிக்கையை மக்கள் காண்பதற்கே ஏறத்தாழ ஒன்பது மாதமும் ஒரு வழக்கும் வேண்டியிருந்தன.

இந்த இடைவெளியில் வதந்தி வளர்ந்தது. வீட்டை இடிப்பார்கள், மாடு வளர்க்க விடமாட்டார்கள், எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றெல்லாம் பேச்சுப் பரவிற்று. அறிக்கையில் அவ்வாறு இல்லை என எடுத்துக்காட்ட வேண்டுமானால் கையில் அறிக்கை இருக்க வேண்டும். அதுவும் படிக்கக் கூடிய மொழியில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பின்னர்க் கஸ்தூரிரங்கன் தலைமையில் வேறொரு குழு அமைந்து 2013 ஏப்ரலில் தன் அறிக்கையைத் தந்தது. கேரளத்தில் 123 கிராமங்களை அது குறித்தது. வேறெந்த மாவட்டத்தையும்விட அவற்றுள் இடுக்கி மாவட்டத்தின் கிராமங்களே மிகுதி. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசாங்கம் அதனடிப்படையில் உத்தரவு பிறப்பித்ததும் இடுக்கியிலும் வயநாட்டிலும் கடையடைப்பும் கிளர்ச்சியும் மூண்டன. மாநில அரசாங்கம் ஒரு குழுவை அமைத்து, 13,108 சதுர கிலோமீட்டராக இருந்த கேரளப் பகுதியை 9,993.7 ஆகக் குறைக்கக் கோரியது. 2014 முதல் 2024 ஜூலை 31 வரை வரைவு அறிவிக்கைகள் ஆறு முறை வெளிவந்தன. ஆறாவது வரைவு வெளியான தேதிக்கு முந்தைய நாள்தான் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்து பேரழிவு நேர்ந்தது என்பதையும் மறத்தற்கில்லை.

வரைவு அறிவிக்கை என்பது அரசிதழில் வெளியாவது; ஆட்சேபம் கூற 60 நாள் அவகாசம் உண்டு. மத்திய அரசாங்கத்தின் அறிவிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாக வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். மலையாளத்திலும் தமிழிலும் வெளியாக வேண்டும் என்று அச்சட்டத்தில் இல்லை. ஆகவே மறையூரில் கரும்பு பயிரிடும் ஒருவர், தமக்குத் தெரியாத இரு மொழிகளில் வெளியான ஒன்றை, தமக்குக் கிட்டாத ஏட்டில் தேடிப் பிடித்து, 60 நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். இதைச் சட்டப்படி அவருக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பு என்கிறோம். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வெளிவந்தபோது இதே குறையைச் சுட்டி வழக்குத் தொடரப்பட்டது. டில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30-ஆம் தேதி, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து வெளியிடுமாறு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து மத்திய அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அதைச் சற்று வருத்தத்துடனேயே படித்தோம். வேலை மிகுதியாகும் என்பது மெய்யே. எனினும் அது செய்ய முடியாத வேலையன்று.

இனி இரண்டாவது கோடு. 2022 ஜூன் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், ஒவ்வொரு தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குக் காப்பு மண்டலம் அமைய வேண்டும் என்றும், அதனுள் புதிதாக நிரந்தரக் கட்டடம் எழுப்பலாகாது என்றும் உத்தரவிட்டது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களைக் கணக்கெடுத்து மூன்று மாதத்துள் சமர்ப்பிக்கவும் கூறியது. ராஜஸ்தானத்துச் சுரங்கங்களை ஒட்டி எழுந்த மனுக்களின் மீது பிறந்த உத்தரவு அது. ஆனால் அதன் சுமை காட்டின் ஓரத்திலேயே நெருக்கமாக மக்கள் குடியிருக்கும் கேரளத்தின் மீது விழுந்தது. இடுக்கி மாவட்டத்தில் மட்டும் இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை என நான்கு தேசியப் பூங்காக்கள். இவையன்றி இடுக்கி, சின்னாறு, குறிஞ்சிமலை ஆகிய சரணாலயங்களும் தேக்கடியின் பெரியாறு காப்பகமும் உள. பாலக்காட்டில் அமைதிப் பள்ளத்தாக்கும் பரம்பிக்குளமும் உள்ளன. ஜூன் மாதத்திலேயே இடுக்கியில் கடையடைப்புகள் நடந்தன.

கட்டடங்களை எண்ணும் பணி மாநிலத்தின் தொலையுணர்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு அது எண்ணிற்று. முதற்கட்ட அறிக்கை 2022 டிசம்பரில் வெளியானது. 115 கிராமங்களில் ஏறத்தாழ 49,000 கட்டடங்கள் என்று அது கூறியது. உடனே புகார்கள் குவிந்தன. என் வீடு இதில் இல்லை, எங்கள் கோயில் இல்லை, எங்கள் தெருவே இல்லை எனப் பலர் முறையிட்டனர். ஏலத் தோட்டத்தின் நிழல் மரங்களுக்கு அடியிலுள்ள ஓட்டு வீட்டை வானிலிருந்து எடுத்த படம் எங்ஙனம் காட்டும்? மேலும், படத்தில் பள்ளிக்கூடம், பாலம், கவலைச் சந்தி என ஊரார் அடையாளம் கண்டுகொள்ளும் குறிகள் போதிய அளவில் இல்லை. நில அளவை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தன் வீட்டைக் கண்டுபிடிப்பது சர்வேயருக்கே சற்றுச் சிரமம். மதிகெட்டான் சோலை என்ற பெயரின் காரணம், உள்ளே புகுந்தவன் வழி தெரியாமல் மதி மயங்கிவிடுவான் என்பதாகச் சொல்வர். அந்தப் படத்தைக் கையில் வாங்கியவர், சோலைக்கு வெளியே நின்றபடியே அந்த நிலையை அடைந்தார் எனலாம்.

எதிர்ப்பின் வேகத்தைக் கண்ட மாநில அரசாங்கம், வனத்துறை முன்னரே தயாரித்து மத்திய அரசாங்கத்துக்கு அனுப்பியிருந்த வேறு வரைபடங்களை அவ்வாண்டு டிசம்பர் பிற்பகுதியில் வெளியிட்டது. ஊர் அதிர்ச்சியுற்றது இங்கேதான். இவை முன்னரே இருந்தனவா? இருந்தால் இதுகாறும் ஏன் காட்டவில்லை? பஞ்சாயத்து அலுவலகங்களில் உதவி மேசைகள் திறக்கப்பட்டன. புகார் தர 2023 ஜனவரி 7 வரை அவகாசம் தரப்பட்டது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று கட்டடங்களைப் பதிவு செய்தனர். நீதிபதி தோட்டத்தில் ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு மேற்பார்வை செய்தது. இவ்வேலையை ஜூன் மாதத்திலேயே பஞ்சாயத்துகளிடம் விட்டிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வார்டு உறுப்பினருக்குத் தம் வார்டிலுள்ள வீடுகள் தெரியும். செயற்கைக் கோளுக்குத் தெரியாது.

இறுதியில் 2023 ஏப்ரல் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தியது. எல்லாவிடத்தும் ஒரே அளவான ஒரு கிலோமீட்டர் என்பது நீங்கியது. வரைவு அறிவிக்கையோ இறுதி அறிவிக்கையோ வெளியான இடங்களில் அந்தந்த அறிவிக்கையே பொருந்தும் என்றாயிற்று. சுரங்கத் தொழிலுக்குள்ள தடை மட்டும் நிலைத்தது. அச்சம் தணிந்தது. ஆனால் எந்தெந்த அளவில் எங்கே கோடு ஓடும் என்பது மீண்டும் அரசிதழின் அறிவிக்கைகளுக்கே போய்ச் சேர்ந்தது.

இங்கே வட்டவடையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மூணாற்றுக்கு அப்பால், பாம்பாடும் சோலையைக் கடந்து சென்றால் வரும் தமிழ் ஊர் அது. பூண்டும் கேரட்டும் உருளைக் கிழங்கும் படிக்கட்டு வயல்களில் விளைகின்றன. அதை ஒட்டி 2006-இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஹெக்டேர். ஆனால் அறிவிக்கப்பட்ட பரப்பினுள்ளே பட்டா நிலங்களும் இருந்தன. அவற்றுள் எவை செல்லும், எவை போலி என்று ஆராய்ந்து, செல்லுபவற்றை நீக்கி எல்லையை வரையறுக்க வேண்டும். அந்தப் பணி ஆண்டுக் கணக்கில் நீண்டது. சரணாலயத்தின் எல்லையே தீராத இடத்தில், எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்றால் எதிலிருந்து அளப்பது? மெய்யான பட்டாவை வைத்திருக்கும் எளிய குடியானவரும், வெளியூரிலிருந்து வந்து போலிப் பத்திரத்தால் நிலத்தை வளைத்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். கணக்கு வெளிப்படையாக இருந்தால் முன்னவருக்கே லாபம். இருட்டில் இருந்தால் பின்னவருக்கு. கிராமத்தார் எல்லைக் கோட்டைக் காட்டு என்று கேட்பதைக் காட்டுக்கு விரோதமான கோரிக்கை என்று சிலர் கருதுவது பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று.

தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. லயங்களில் வாழும் அவர்களுக்குக் காக்க வேண்டிய பட்டாவே கிடையாது. மண்டலம் வந்தாலும் வராவிட்டாலும் வீடு கம்பெனியுடையது. ஆயினும் நிலத்தின் உபயோகத்தைப் பற்றிய தகவல் அவர்களுக்கும் உயிர்ப் பிரச்சினையே. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, இரவிகுளம் பூங்காவை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகள் புதைந்தன. 66 உடல்கள் கிட்டின, நால்வர் கிட்டவேயில்லை. இறந்தவர்களுள் பலர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் வழிவந்தோர். எந்தச் சரிவு ஆபத்தானது, எந்த லயம் அதன் அடியில் இருக்கிறது என்ற வரைபடம் யார் கையில் இருக்கிறது, அது தமிழில் எழுதி லயத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

பாலக்காட்டுப் பக்கம் திரும்பினால், பஞ்சாயத்து மனம் வைத்தால் என்ன செய்யலாம், எங்கே அதன் கை கட்டப்படும் என்ற இரண்டையும் ஒரே ஊரில் காணலாம். சித்தூர் தாலுகா பெருமாட்டிப் பஞ்சாயத்திலுள்ள பிளாச்சிமடையில் கோக்கோ-கோலா கம்பெனியின் ஆலை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. அனுமதி தந்ததும் அதே பஞ்சாயத்துதான். கிணற்று நீர் கெட்டும் வற்றியும் போயிற்று என்று, தமிழ் பேசும் இரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கினர். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்மணி அதன் முகமாக விளங்கினார். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசாங்கமும் பஞ்சாயத்தும் அதன் காவலர்கள் என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறுவிதமாகக் கூறி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க இசைந்தது. ஆனால் ஆலை மீண்டும் ஓடவில்லை. ஓட்டும் எண்ணமில்லை என்று 2017-இல் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மாநில அரசாங்கம் நியமித்த குழு நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஈடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டசபை 2011 பிப்ரவரியில் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே திரும்பியது. ஆலை போயிற்று, ஈடு வரவில்லை.

1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் இவ்விஷயத்தில் குறைவாக எழுதப்பட்டதன்று. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும். பஞ்சாயத்தின் ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைக் குடிகளுக்குத் தரும் பகுதி 1999-இலேயே அதில் சேர்க்கப்பட்டது. நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் வந்தது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்பே. ஆனால் மேற்சொன்ன இரு கோடுகளையும் கிழிப்பது பஞ்சாயத்தன்று. புகாரைக் கேட்பவர் வார்டு உறுப்பினர். கோட்டைக் கிழிப்பவர் டில்லியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறார். கிராம சபையில் எழும் கேள்விக்கு உறுப்பினரிடமே விடை இருப்பதில்லை.

மொழியைப் பற்றிச் சட்டம் கூறுவதையும் அறிந்து வைத்தல் நலம். குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை, மத்தியிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்பது அரசியல் சாசனத்தின் 350-ஆம் விதி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் தம் பகுதி அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் வழிசெய்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு: மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுத வேண்டும். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அரசாங்கம் தானாக வெளியிடும் செய்திகளை உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்கிறது. வட்டவடையின் உள்ளூர் மொழி எது என்பதை அங்கே ஒரு நாள் தங்கிய எவரும் கூறிவிடுவர்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நம்மவர் ஊரிலுள்ள உறவினருக்காகச் செய்யத் தக்கது ஒன்று உண்டு. வரைவு அறிவிக்கை மீது ஆட்சேபம் எழுத, அங்கே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, எவரும் எழுதலாம். அறிவிக்கையின் எண்ணும் தேதியும், கிராமத்தின் பெயர், தாலுகா, நில அளவை எண், பட்டாவின் ஆண்டு, எந்த நோக்கத்துக்காகப் பட்டா தரப்பட்டது என்பவையும் அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். இடுக்கியில் இறுதியிற் சொன்னது மிக முக்கியம். பயிர் செய்யவும் வீடு கட்டவும் என்று தரப்பட்ட பட்டா நிலத்தில் கடை கட்டியவர்கள் 2019-ஆம் ஆண்டின் உத்தரவுக்குப் பின் பட்ட பாடு பெரிது. அதைத் தீர்க்கும் திருத்தச் சட்டம் 2023-இல் நிறைவேறி 2024 ஏப்ரலில்தான் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. படத்தில் வீடு விடுபட்டிருந்தால், வீட்டு வரி ரசீதின் நகலையும் மின்சாரக் கட்டண ரசீதின் நகலையும் இணைக்க வேண்டும். கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துக. அதன் ஒரு நகலைப் பஞ்சாயத்துச் செயலாளருக்கும் அனுப்பி, அடுத்த கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்குமாறு வார்டு உறுப்பினரிடம் உறவினரைக் கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.